முந்திப் புதுப்பிக்கத் தடை ஏன்?

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசாவில் வாழும் அந்நியர், 50 வயதை எய்தியவராய், வங்கியில் 8 இலட்சம் பாத் இரு மாதங்களுக்கு முன்னரே வைப்பிலிட்டவராய், அல்லது மாதம் 65,000 பாத் வருமானமுடையவராய் இருத்தல் வேண்டும். இதில் நமக்கு வழக்கில்லை. பொருள்வலி கேட்பது அரசின் உரிமை.

நமது வழக்குக் காலத்தைப் பற்றியது. ஓராண்டு அனுமதியை நீடிக்கும் விண்ணப்பம் அதன் இறுதி 30 நாட்களுக்குள்தான் ஏற்கப்படும்; சில அலுவலகங்கள் 45 நாட்கள் வரை இணங்கும். ஊருக்கு ஊர் மாறுவது சட்டமா, மேசை வழக்கமா?

மூன்று மாதத்தில் அனுமதி முடியவிருக்கும் முதியவர், கடல் கடந்து நோயுற்ற உடன்பிறப்பைப் பராமரிக்கச் செல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டிப் புதுப்பிக்க வழியில்லை. 1,000 பாத் செலுத்தி மீள்நுழைவு அனுமதி பெற்றாலும், தங்கும் அனுமதி முடியும் நாளிலேயே அதுவும் முடியும். அந்நாளுக்குள் திரும்பாவிடின் அனைத்தையும் இழந்து, புது விசாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முந்தி ஏற்பதால் அரசு இழப்பது யாது? புதிய ஆண்டு பழைய அனுமதி முடியும் நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு நாளேனும் மிகாது. பணம் மறையுமென்ற ஐயமும் பொருந்தாது. அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் முழுத்தொகையும், அதன்பின் 4 இலட்சமும் குறையாதிருக்க வேண்டுமென விதி ஏலவே உண்டன்றோ? பயணச்சீட்டைக் காட்டுவோர்க்கேனும் காலவரம்பைத் தளர்த்துவதே நீதி.

அதுவரை, காலவரம்புக்குள் புறப்படுவோர் முதலில் நீடிப்பைப் பெறுக. மீள்நுழைவு அனுமதியைப் பின்னரே பெறுக. முறை மாறினால் அது பழைய நாளோடு ஒட்டிக்கொள்ளும். கட்டிய பணமும் வீணாகும்.