கட்டுச்சோறு கட்டாத புரொகிராம்

டெல்லி துவாரகாவின் செக்டர் 3ல் இருக்கிறது நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1983ல் கல்லூரியாகத் தொடங்கி, 2018ல் பல்கலைக்கழகமானது. அங்கே கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர் ஒருவர் பக்கத்து மருந்துக்கடைக்கு பில் போடும் புரொகிராம் எழுதித் தருவதாக வைத்துக்கொள்ளலாம். மொழி, பைத்தான். திரையில் தெரியும் பட்டன், கட்டம் எல்லாம் க்யூட்டி டிசைனரில் வரைந்தவை. விடுதி அறையில் எல்லாம் கச்சிதம். பென் டிரைவில் கொண்டுபோய்க் கடைக் கம்ப்யூட்டரில் தட்டினால், கறுப்பு ஜன்னல் ஒன்று கண் சிமிட்டிவிட்டு மறைகிறது. கடைக்காரர் பேசாமல் பழைய பில் புத்தகத்தை எடுக்கிறார்.

"என் கம்ப்யூட்டரில் ஓடியதே!" என்பது இந்தத் தொழிலின் பழைய புலம்பல்.

தவறு எங்கே? பைத்தான் புரொகிராமை எக்ஸி ஃபைலாக மாற்றப் பலரும் நாடுவது பைஇன்ஸ்டாலர். புரொகிராம் எதையெல்லாம் 'இம்போர்ட்' செய்கிறது என்று படித்து, அவற்றோடு பைத்தானையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். ஆனால் டிசைனரில் வரைந்த திரை, 'யூஐ' என்ற தனி ஃபைலில் இருக்கிறது. ஐகான், எழுத்துரு கதையும் அதுதான். புரொகிராம் ஓடும்போதுதான் இவை திறக்கப்படுகின்றன. அதனால் பைஇன்ஸ்டாலரின் கண்ணில் படுவதில்லை. மாணவரின் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, குறை தெரியவில்லை.

வழி இரண்டு. ஒன்று, 'ஆட்-டேட்டா' என்ற கட்டளையில் அந்த ஃபைல்களைப் பெயர் சொல்லிச் சேர்ப்பது. அது மட்டும் போதாது. ஒற்றை எக்ஸி ஒவ்வொரு முறையும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துக்கொண்டுதான் ஓடுகிறது. எனவே புரொகிராமும் ஃபைல்களை அங்கேதான் தேட வேண்டும். முகவரியை 'எம்இஐபாஸ்' சொல்லும். இன்னொரு வழி, 'பையுஐசி' கருவியால் திரையையே பைத்தான் வரிகளாக மாற்றிவிடுவது. அதை இம்போர்ட் செய்தால் பைஇன்ஸ்டாலர் தானே எடுத்துக்கொள்ளும்.

இது புது ஞானம் அல்ல. 1985ல் வந்த முதல் விண்டோஸிலேயே ஐகான், மெனு போன்றவற்றை எக்ஸிக்குள் வைக்க ஏற்பாடு இருந்தது. 1995ல் வந்த டெல்ஃபியும் வரைந்த திரையை எக்ஸிக்குள்ளேயே வைத்தது. பாடத்தைத் தமிழர்கள் வேறு விதமாகக் கற்றார்கள்: தொண்ணூறுகளில் தமிழில் டைப் செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது.

கட்டிய மூட்டையைச் சோதிக்க எளிய வழி, பைத்தானே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. மருந்துக்கடைக்குப் போகும் முன் அதைச் செய்திருந்தால், பில் புத்தகம் மேஜைக்குள்ளேயே இருந்திருக்கும்.