கொலையுதிர் காலம்: நீங்க கணேஷ் கட்சியா, வசந்த் கட்சியா?

1/ விளாங்குடி வீட்டுப் பரண்ல, அம்மா குமுதத்துலருந்து கிழிச்சு பைண்டு பண்ணி வச்ச சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கிடைச்சது. முடிவைப் பத்திதான் பேசப் போறேன். படிக்காதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.

2/ நடந்ததெல்லாம் ஹோலோகிராம் வேலை என்கிறான் கணேஷ். வசந்துக்கு முழு நம்பிக்கை வரலை. சுஜாதா தீர்ப்புச் சொல்லாமலே முடிச்சிடுறார்.

3/ கணேஷ் விளக்கத்துல ஓட்டை இருக்கு. ஹோலோகிராபிக்காக டென்னிஸ் காபர் 1971இல் நோபல் வாங்கினார், உண்மை. ஆனா அந்த பிம்பம் தெரியணும்னா, அதைப் பதிவு செய்த தகடு நம்ம பார்வைக்கு நேரே இருக்கணும். வெட்டவெளியில் தானா உலாவாது. "அப்ப பேய்தான்!" என்பாங்க வசந்த் கட்சிக்காரங்க.

4/ அதெப்படி? விளக்கத்துல ஓட்டை இருந்தா, விளக்கம் போதலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

5/ பிரேதப் பரிசோதனையில் காரணம் பிடிபடலைன்னா, உள்ளுறுப்புகளை ரசாயன ஆய்வுக்கு அனுப்பிட்டு இறுதிக் கருத்தை நிறுத்திவைப்போம். சிலசமயம் ஆய்வு முடிவு வந்த பிறகும் காரணம் தெரியாது. தூக்கத்திலேயே இறந்த ஓர் இளைஞர் விஷயத்தில் அப்படித்தான் ஆச்சு. வாசல்ல நின்ன உறவுக்காரங்க காத்திருக்கலை. "மருமக காலடி வச்ச நேரம்"னு முடிவு கட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு ஓரமா உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

6/ நான் கணேஷ் கட்சி. அவன் சொன்னது சரிங்கிறதால இல்லை. தப்புன்னா சோதிச்சு நிரூபிக்க முடியுங்கிறதால. பேயையும் ராசியையும் அப்படிச் சோதிக்க வழியே இல்லை. 'இன்னும் தெரியலை'ன்னு கதையை முடிச்ச சுஜாதாவும் சரிதான்.