நீர் கழுவாத நஞ்சு

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவி ஒருத்தி, சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்திருந்தாள். கிழமைக்கு இருமுறை தோழியருடன் அமர்ந்து நீர்ப்புகைக்குழல் இழுப்பதாகப் பேச்சிடையே சொன்னாள். நாம் முகம் சுளித்தது கண்டு, “ஐயா, அது வெண்சுருட்டு அன்று; நீரில் கழுவி வரும் புகை” என்றாள். படித்த பெண், அதுவும் உயிரியல் படித்த பெண்!

இக் குழலை இலெபனானில் ‘அர்கீலே’ என்பர். தேங்காயைக் குறிக்கும் ‘நார்கீல்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. தொடக்கத்தில் சிரட்டையே நீர்க்கலமாயிருந்தது. நார்கீலுக்கு வேரான ‘நாரிகேளம்’ என்னும் வடசொல்லோ தென்மொழிகளினின்று சென்றது என்பர் சொல்லாய்வாளர் பலர். பெயரளவில் நமக்கும் அதற்கும் உறவுண்டு போலும்!

முதியோர் கையிலிருந்த அக் குழலை இளம்பெண்கள் கைக்கு மாற்றியது ‘முஅசல்’. தேனூட்டியது என்பது பொருள். புகையிலையை வெல்லப்பாகிலும் பழமணத்திலும் ஊறவைத்த அக் கலவை, 1990களின் தொடக்கத்தில் எகிப்தினின்று பரவிற்று. மகள் வெண்சுருட்டைத் தொட்டாற் சினக்கும் இலெபனானியக் குடும்பங்களிலும் இக் குழல் கூடத்தில் கைமாறுகிறது.

நீர் புகையைக் குளிர்விக்கிறதேயன்றிக் கழுவுவதில்லை. குளிர்ந்தமையால் தொண்டை எரிவதில்லை. எரியாமையால் மூச்சு ஆழ இழுக்கிறது. ஒரு மணி நேர அமர்வில், ஒரு வெண்சுருட்டின் புகையளவினும் 100 முதல் 200 மடங்கு உட்செல்லக்கூடும் என 2005இல் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. மேலே வைக்கும் அடுப்புக்கரி கார்பன் மோனாக்சைடையும் பென்சீனையும் பென்சோபைரீனையும் தருகிறது. புகையிலையற்ற ‘மூலிகை’க் கலவைக்கும் அக் கரியே வேண்டும், ஆகலின் அதுவும் தூயதன்று.

பென்சோபைரீன் உடலினுள் மாற்றமுற்று மரபிழையில் ஒட்டிக்கொள்கிறது. கறையான் அரித்த ஏட்டைப் படியெடுப்போன் அவ்விடத்தில் வேறெழுத்தை எழுதிவிடுவதுபோல, உயிரணு பிளவுறுங்கால் அங்கே பிழை நேர்கிறது. இக் குழல் இழுப்போர் வாயணுக்களில் நுண்கருக்கள் மிகுந்திருப்பதை 2008இல் எகிப்திய ஆய்வு காட்டிற்று. குருதி வெள்ளணுக்களில் நிறப்புரித் துண்டுகள் இடம்மாறுவது, வெண்சுருட்டுப் பிடிப்போரினும் இவர்களிடம் மிகுதி என்று 2011இல் யோர்தான் ஆய்வு கண்டது.

ஈண்டு மிகைபடக் கூறல் ஆகாது. வாயணுவிலும் குருதியணுவிலும் நேரும் சிதைவு, புற்றுக்கு வித்தாகலாமேயன்றி, மகவுக்குச் செல்வதன்று. முட்டையணுவின் நிலை வேறு. ஆடவனுக்கு விந்தணு ஏறத்தாழ மூன்று திங்களிற் புதிதாகிறது. பெண்ணுக்கோ, அவள் தன் தாய் வயிற்றிலிருக்கும்போதே முட்டையணுக்கள் அனைத்தும் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலக்கம். பின்பு குறைவதேயன்றிப் பெருகுவதில்லை. இருபது அகவைப் பெண்ணின் முட்டையணுவுக்கும் அகவை இருபதே. புகைக்கும் பெண்டிர்க்கு அவ் வைப்பு விரைந்து தீர்ந்து, மாதவிலக்கு முன்னதாகவே நிற்கிறது என்பது வெண்சுருட்டு ஆய்வுகள் நெடுநாள் முன்பே நிறுவியது. பெண்மகவைச் சுமப்பவள் இழுக்கும் புகையோ, அவளையும், மகவையும், அம் மகவின் முட்டையணுக்களில் உறங்கும் பேரப்பிள்ளைகளையும் ஒருசேரச் சூழ்கிறது. குழல் இழுத்த தாயர் எடை குறைந்த பிள்ளைகளைப் பெற்றமையை இலெபனான் மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

இவற்றைக் கேட்டிருந்தவள், “அங்கு எவரும் சொல்லவில்லையே, ஐயா” என்றாள். எங்ஙனம் சொல்வர்? வெண்சுருட்டுப் பெட்டியின்மேல் எச்சரிக்கை உண்டு. முஅசல் பெட்டியிலும் இருக்கலாம். அது கடைக்காரன் உள்ளறையிற் கிடக்க, அவள்முன் வருவது வண்ணக் கண்ணாடிக் குடுவை மட்டுமே. அக் குடுவையின் மேலேயே எச்சரிக்கை வேண்டும் எனத் துருக்கி சட்டம் செய்துள்ளது. குழல் விற்கும் பிற நாடுகளும் அதனைச் செய்தல் வேண்டும். அதுவரை, முட்டையணு பற்றி நாம் கூறியதைத் தோழியர்க்கேனும் சொல்லுமாறு அவளைப் பணித்தோம். எழுதித் தாருங்கள் என்றாள், எழுதியதே இது.