மறைத்து வைப்பது சுத்தம் ஆகாது

கடலூரிலும் சிதம்பரத்திலும் உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே மந்திரம்தான் ஓதப்படுகிறது. “கடல் பக்கத்துலயே இருக்கு, தண்ணிக்குக் காசு வேணாம். தொட்டிக்குக் கீழ ஒரு சம்ப் வச்சு, அதுல ரெஃப்யூஜியம் போட்டு, பாசியை விட்டுட்டாப் போதும். மத்ததை அது பாத்துக்கும். தண்ணி மாத்துற வேலையே இல்ல.” கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாசியைப் பற்றிச் சொல்வதும் தவறு, கடலைப் பற்றிச் சொல்வதும் தவறு. அதிலும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கரையில் நின்று இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

சம்பை நான் குறை சொல்லவில்லை. மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. மொத்த நீரின் அளவு கூடுவதால் உப்பும் வெப்பமும் சட்டென்று ஏறி இறங்குவதில்லை. சிறிய தொட்டிக்கு இது பெரிய பாதுகாப்பு. சம்பின் ஓர் அறையில் விளக்குப் போட்டு, கீட்டோமார்ஃபா போன்ற நூல்பாசி வளர்த்தால் அதுதான் ரெஃப்யூஜியம். மீன் கழிவின் அமோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு பாசி தழைக்கும். இரவில் மேல்விளக்கு அணைந்தபின் இங்கே விளக்கு எரிந்தால் பி.எச். சரிவதும் குறையும்.

எல்லாம் சரி, பாசி உண்ட நைட்ரேட் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, பாசியின் உடம்பிலேயே இருக்கிறது. அதைக் கைநிறைய அள்ளி வெளியே எடுத்தால்தான் அது தொட்டியை விட்டுப் போகும். எடுக்காமல் விட்டால் பாசி நெருங்கி, அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, உண்டதையெல்லாம் திரும்பக் கக்கும். காலர்ப்பா வகைப் பாசி இன்னும் மோசம். இனப்பெருக்கத்துக்குத் திரும்பினால் ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி 1980களில் பாசித் திரையால் நீரைத் தூய்மைப்படுத்தும் முறையை உருவாக்கினார். திரையில் வளர்ந்த பாசியை அடிக்கடி சுரண்டி எடுப்பதுதான் அந்த முறையின் உயிர். நம்மவர்கள் பாசியை வைத்துக்கொண்டு சுரண்டுவதை விட்டுவிட்டார்கள்.

பிச்சாவரத்துச் சுரபுன்னை நாற்றைச் சம்பில் நட்டால் போதும் என்பவர்களும் உண்டு. பிச்சாவரம் காப்புக்காடு, அதில் கைவைப்பதே தவறு. அது கிடக்கட்டும், நிதானமாக வளரும் மரக்கன்று ஒரு சின்னத் தொட்டியிலிருந்து எடுக்கும் சத்து மிகச் சொற்பம். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த இலவசக் கடல்நீர். பெண்ணையாறு, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகள் விழும் கரை இது. வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பு, ஆயிரத்துக்கு 35 என்ற அளவிலிருந்து வெகுவாக இறங்கும். துறைமுகப் பக்கம் போனால் டீசல் மிதக்கும். படகின் அடியில் பூசும் பாசித்தடுப்புப் பெயிண்டில் தாமிரம் உண்டு. மீன்நோய்க்கு மருந்தாகத் தாமிரம் போடுகிறவர்கள் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில்தான் போடுவார்கள். அந்த அளவே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். 100 லிட்டர் தொட்டிக்கு அது வெறும் 20 மில்லிகிராம்.

சிப்காட்டுக்கு வருவோம். 1980களில் உப்பனாற்றங்கரையில் எழுந்த இந்தப் பேட்டையில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் ஆலைகள் வந்தன. ஆலைகளின் கழிவுநீரைக் கொண்டுபோகும் பொதுக் குழாய் ராசாப்பேட்டைப் பக்கம் கடலில் முடிகிறது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70ஐத் தாண்டி ‘மிகக் கடுமையாக மாசடைந்தவை’ என்ற பட்டியலில் கடலூர் இடம்பெற்றது. உப்பனாற்று வண்டலில் கன உலோகங்கள் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். பாசி இவற்றைக் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் அழிக்காது. உலோகத்தைச் செரித்து ஒன்றுமில்லாமல் ஆக்கும் உயிர் எதுவும் கிடையாது.

“பரங்கிப்பேட்டையில கடல் தண்ணியிலதானே வளர்க்குறாங்க?” என்று கேட்பார்கள். வெள்ளாற்று முகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியது உண்மைதான். ஆனால் பொரிப்பகம் நடத்தத் தெரிந்தவர் யாரும் கடல்நீரை அள்ளிவந்து அப்படியே ஊற்றுவதில்லை. தெளியவைப்பார்கள், வடிகட்டுவார்கள், கிருமி நீக்குவார்கள், உப்பை அளந்த பிறகே மீனை விடுவார்கள். அந்த உழைப்பையெல்லாம் விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையின் பெயரை மட்டும் சொல்வது நியாயமில்லை.

சம்ப் வையுங்கள். ஆனால் மின்சாரம் போனால் மேலிருந்து இறங்கும் நீரைத் தாங்க அதில் இடம் விடுங்கள். பம்ப் குழாயில் மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டால், மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்து, நீர் பின்னோக்கி வடிவதை நிறுத்திவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலந்து பயன்படுத்துங்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்புக் கலக்காத நீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், பாசியைக் கத்தரித்து வெளியே எடுங்கள். எடுத்ததைச் சாக்கடையிலோ கடலிலோ வீசாமல் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

செலவும் வேலையும் அதிகம் என்றால் நன்னீர் மீன் வளர்க்கலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அலமாரிக்குள் இருக்கும் பாசி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பும், ஆலைக்கழிவைக் கண்ணுக்கு எட்டாத கடல் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பும் ஒன்றுதான். ஒன்றில் மீன் சாகிறது, மற்றதில் மீனவர் பிழைப்பு போகிறது. தொட்டி விற்கிறவரிடமும் ஆலை நடத்துகிறவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உள்ளே போனது எந்த வழியாக, எவ்வளவு, எங்கே வெளியேறுகிறது? பதில் இல்லாத இடத்தில் சுத்தம் இல்லை.