பெயரைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?



கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் அண்மையில் எனக்குக் கிடைத்தது. "அக்கா, என்னுடைய அம்மாயி உங்கள் நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு வந்து சேர்ந்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்" என்று தொடங்கியிருந்தார்.

விடயம் இதுதான். அவர்களுடைய மாதர் சங்கத்தில் 14 பேர் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்தவர்களே அதிகம். மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடித்துப் பொதி செய்து விற்கிறார்கள். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் சங்கத்துக்கு ஒரு டெப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "மைக்ரோசொப்டின் சர்பேஸ் வேண்டுமா, அப்பிளின் ஐபேட் வேண்டுமா? நீங்களே கூடி முடிவெடுங்கள்" என்றாராம்.

அன்றிலிருந்து சங்கம் இரண்டு பட்டுவிட்டது. உயர்தரத்தில் தொழினுட்பம் படித்த செயலாளர், "வேர்ட், எக்செல் எல்லாம் செய்த கம்பனியின் டெப்தான் எங்கள் கணக்குக்குச் சரி" என்கிறார். பொருளாளரோ, "டெப் என்று உலகத்துக்குக் காட்டியதே ஐபேட்தான். பிரான்சில் என் தங்கச்சி எட்டு வருடமாக ஒன்றையே பாவிக்கிறாள்" என்கிறார். இருவரும் ஒரு கிழமையாகக் கதைப்பதில்லை. "நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள் அக்கா" என்று கடிதம் முடிந்திருந்தது. அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் சமூகவியல் படித்தவள். கணனியைப் பழுது பார்க்கத் தெரியாது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தேடி வாசித்தேன். அப்போதுதான் இந்த வழக்கு உங்கள் சங்கத்தில் தொடங்கியதல்ல, பத்து வருடங்களுக்கு மேலாக உலகமெங்கும் நடந்துவரும் வழக்கு என்பது விளங்கியது.

ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010 ஏப்ரல் 3ஆம் திகதி. இரண்டு வருடங்களுக்கு மேல் அதற்குச் சரியான போட்டி இருக்கவில்லை. அதுவரை மைக்ரோசொப்ட் கணனிக்கு மென்பொருள் செய்து விற்றது. கணனியைச் செய்வதை வேறு கம்பனிகளிடம் விட்டிருந்தது. 2012 ஜூன் 18ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், தானே ஒரு டெப்பைச் செய்திருப்பதாக அறிவித்தது. அதுதான் சர்பேஸ். பின்பக்கம் மடித்து நிறுத்தும் தாங்கி இருந்தது. மூடுகின்ற உறையே விசைப்பலகையாகவும் இருந்தது. வேர்டும் எக்செலும் உள்ளேயே இருந்தன. அந்த வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி 499 டொலருக்குக் கடைக்கு வந்தது. அப்போது புதிய ஐபேட்டின் விலையும் 499 டொலரில்தான் தொடங்கியது. சர்பேஸின் விசைப்பலகை உறை வேண்டுமென்றால் மேலும் 100 டொலர் கொடுக்க வேண்டும்.

உங்கள் செயலாளர் இன்று நினைப்பது போலத்தான் அன்று பலரும் நினைத்தார்கள். பழகிய விண்டோஸ், பழகிய எக்செல். ஆகவே வீட்டுக் கணனியில் செய்ததையெல்லாம் இதிலும் செய்யலாம் என்று நம்பினார்கள். ஆனால் முதலில் வந்த அந்தச் சர்பேஸ் ஆர்டி வேறு வகைச் சிப்பில் இயங்கியது. முகம் விண்டோஸின் முகம்; ஆனால் பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. கம்பனியின் இணையக் கடையில் இருப்பதை மட்டுமே போடலாம். அந்தக் கடையிலும் அப்போது சாமான் குறைவு. ஐபேட்டுக்கு ஏற்கனவே இலட்சக்கணக்கான செயலிகள் வந்துவிட்டிருந்தன. 32 கிகாபைட் என்று சொல்லி விற்றதில் ஏறத்தாழப் பாதியை உள்ளே இருந்த மென்பொருளே பிடித்துக்கொண்டது.

2013 ஜூலையில் மைக்ரோசொப்ட் அதன் விலையை 150 டொலர் குறைத்தது. அதே மாதம் அந்த டெப்களுக்காக 90 கோடி டொலரை நட்டமாகக் கணக்கில் எழுதியது. உலகத்தில் மிகப் பெரிய மென்பொருள் கம்பனிகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2013 பெப்ரவரியில் வந்த சர்பேஸ் புரோவில் பழைய மென்பொருள்களும் ஓடின. விலையும் பாரமும் அதிகம், பட்டரி சீக்கிரம் இறங்கும் என்று சொன்னாலும், மைக்ரோசொப்ட் விடாமல் திருத்தித் திருத்திச் செய்தது. 2014 மார்ச்சில் வேர்டையும் எக்செலையும் ஐபேட்டுக்கும் கொடுத்தது. 2015இல் அப்பிள் ஐபேட் புரோவுக்கு விசைப்பலகை உறையைக் கொண்டுவந்தது. மூன்று வருடத்தில் போட்டிக்காரர் இருவரும் ஒருவரிடம் ஒருவர் பாடம் படித்துக்கொண்டார்கள். உங்கள் செயலாளருக்கும் பொருளாளருக்கும் இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு, கடிதத்தை எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளை மடுவம் வெறுமையாகிவிடும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்கள், தலையில் துண்டோடு அப்படியே உட்கார்ந்தார்கள். வெளியே நல்ல மழை.

கொழும்பில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய தங்கச்சி ஐபேட் பக்கம். "நான் வேல செஞ்ச வீட்டுல ரெண்டு வயசுப் புள்ளையே அத தானா தொறந்து படம் பாக்கும் அக்கா. பழகிக்குடுக்க ஆளு தேவயில்ல."

முன்பள்ளி ஆசிரியை விடவில்லை. "படம் பாக்கவா சங்கம் வாங்குது? மாசக் கணக்கு எழுதணும், பட்டியல் அடிக்கணும். கீபோர்ட் இல்லாம கண்ணாடியில தட்டித் தட்டி எத்தன பேர எழுதுவீங்க?"

"ஐபேட்டுக்கும் கீபோர்ட் வாங்கலாமே!"

"அதுக்குத் தனிக் காசு."

"சர்பேஸுக்கு மட்டும் சும்மாவா குடுக்குறான்?"

எல்லோரும் சிரித்தோம். அப்போது, சேவைக்காலம் முடிந்து வீட்டிலிருக்கும் ஓர் அம்மா, அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், கேட்டார். "மிஸ், அந்தப் பொட்டி யாரு வீட்டுல இருக்கும்? அத தொறக்குற நம்பர் எத்தன பேருக்குத் தெரியும்?"

யாரும் பேசவில்லை. எங்கள் சங்கத்தின் சேமிப்புப் புத்தகம் முன்னொரு தடவை ஓர் உறுப்பினரின் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், சாவி கணவரிடம். புத்தகத்தை எடுக்க மூன்று மாதம் அலைந்தோம். அந்த அம்மா அதை மறக்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசல்ரி நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலிருந்து நோட்டன் பிரிட்ஜில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் லயத்தில் நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தது குப்பி விளக்கில். ஒரு பொருள் பக்கத்தில் இருப்பதும் அது நம் கைக்குப் பயன்படுவதும் ஒன்றல்ல என்பது எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். அடியிலிருந்த குறிப்பு அப்போதுதான் மனதில் தைத்தது. "அக்கா, எங்களில் ஐந்து பேர் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிறவர்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இலிருந்து காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோன கடதாசிகள் பொலித்தீன் பையில் கிடக்கின்றன. போன மாரியில் நனைந்து, கையெழுத்து மங்கிவிட்டது. டெப் வந்தால் இவற்றையும் ஏதாவது செய்யலாமா?"

முக்கியமான வேலையைக் கடைசி வரியில் எழுதியிருந்தார். ஆகவே நான் பெயரைச் சொல்லாமல், வேலையிலிருந்து தொடங்கிப் பதில் எழுதினேன். அதை உங்கள் எல்லோருக்கும் இங்கே தருகிறேன்.

முதலாவது, சங்கம் ஒரு மாதத்தில் செய்யும் வேலைகளைக் கடதாசியில் எழுதுங்கள். கணக்கு, உறுப்பினர் பட்டியல், பிரதேச செயலகத்துக்குக் கடிதம், பொதியில் ஒட்டும் பெயர்ச்சீட்டு என்று அதிகமும் எழுத்து வேலையாக இருந்தால் என் வாக்கு சர்பேஸுக்கு. ஆனால் விசைப்பலகையையும் சேர்த்து வாங்கித் தருவதாக இருந்தால் மட்டும். இன்றைய சர்பேஸ் 2012இல் வந்ததைப் போன்றதல்ல. பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். படமெடுத்தல், காணொளி காட்டிப் பழக்குதல், பிள்ளைகளுக்குப் பாடம் என்று இருந்தால் ஐபேட் இலகு. இரண்டுக்கும் காசு போதாவிட்டால், கேட்பதற்கு வெட்கப்படாமல் சாதாரண மடிக்கணனி ஒன்றைக் கேளுங்கள். கணக்கு எழுத அது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, தமிழ். உங்கள் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பாமினி இல்லாத கருவியில் அந்தக் கோப்பைத் திறந்தால் உங்கள் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சர்பேஸில் சாதாரண கணனியில் போலவே பாமினியைப் போட்டுக்கொள்ளலாம். ஐபேட்டில் 2013இலிருந்து தமிழ் விசைப்பலகை உண்டு. ஆனால் அது எழுதுவது யுனிகோட். எதை வாங்கினாலும் பழைய பட்டியலை யுனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது, கனடாவிலிருந்து வருவது பாவித்ததா, புதியதா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய சர்பேஸ் என்றால் நன்றியோடு மறுத்துவிடுங்கள். பாவித்த ஐபேட் என்றால், கொடுப்பவர் தன்னுடைய அப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டுத்தான் தரவேண்டும். இல்லாவிட்டால் அதைத் துடைத்துவிட்டு உங்கள் கணக்கில் புதிதாகத் தொடங்க முடியாமல் பூட்டிக்கொள்ளும். இரண்டிலுமே பட்டரியை நாங்களே கழற்றி மாற்ற முடியாது. பழுது பார்க்கும் கடை உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

நான்காவது, எங்கள் தோட்டத்து அம்மா கேட்ட கேள்வி. திறக்கும் இலக்கம் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியவேண்டும். கூட்டக் குறிப்பில், டெப் எந்த மாதம் யார் பொறுப்பில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். படித்தவர் ஒருவர் மட்டும் தொடும் பொருளாக அது ஆகிவிட்டால், சங்கத்தின் சொத்தாக இருக்காது.

கடைசியாக அந்தப் பொலித்தீன் பை. அதற்கு டெப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடதாசிகளை நிழலில் விரித்து உலர்த்துங்கள். பகல் வெளிச்சத்தில், கையிலுள்ள நல்ல போனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். ஒவ்வொருவருடைய கடதாசியையும் அவருடைய சம்மதத்தோடு, அவர் முன்னால் எடுங்கள். ஒரு பிரதி போனில் இருக்கட்டும். இன்னொன்று பென்ட்ரைவில், வேறொரு வீட்டில் இருக்கட்டும். வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். அதில் இருப்பவை உங்கள் உறவுகளின் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும். படம் எடுத்துவிட்டோம் என்று மூலப் பிரதியை ஒருபோதும் எறியாதீர்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. "அக்கா, பொருளாளரின் போனால்தான் எடுத்தோம். செயலாளர் பக்கங்களுக்கு இலக்கம் போட்டுத் தந்தா. ஐந்து பேருடையதும் சேர்த்து 212 பக்கம். இரண்டு நாள் ஆனது. ஓர் அம்மாவின் முதல் முறைப்பாட்டுத் துண்டில் திகதி மட்டும்தான் தெரிகிறது, அதையும் எடுத்துவைத்தோம். இரண்டு பேரும் இப்போது கதைக்கிறார்கள். வேலைப் பட்டியலைக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறோம். எந்த டெப் வரும் என்று தெரியாது. எது வந்தாலும் அதில் முதலில் ஏற்றப் போவது இந்த 212 பக்கத்தைத்தான்."

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். மாரி தொடங்குமுன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.