நன்றியும் நீதியும்

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கக் கைகள் உண்டு. அக்கைகளுக்குரியவரின் நெஞ்சத்து நோவைக் கேட்பதற்கு யார் உளர்? மலையகத்து வைத்தியசாலைகளிலும் தோட்ட மருந்தகங்களிலும் உழைக்கும் வைத்தியர், தாதியர், மருத்துவமாதர், சிற்றூழியர் ஆகியோரின் பொருட்டு இக்கேள்வியை நாம் எழுப்புகிறோம்.

2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், இறம்பொடை கெரண்டியெல்லவில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் நுவரெலியா மாவட்டத்தை உலுக்கின. இறந்தோர்க்காக நாடு அழுதது, அது முறையே. ஆனால், காயமுற்றோரை ஏந்திய கைகள் மறுநாளும் அதே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இத்தகையோருக்குத் தியானமும் நன்றியுணர்வுப் பயிற்சியும் துணையாகும் என்று இன்று அறிஞர் கூறுகின்றனர். சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் ஆலயம் அமைந்த இறம்பொடை மக்களுக்குத் தியானம் என்ற சொல் புதிதன்று. வைத்திய உலகமும் அதனை ஏற்றுள்ளது. 1979இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் அதனைச் சிகிச்சைக்குத் துணையாக்கினார். 2015இல் ஹொங்கொங்கிலிருந்து வெளியான ஆய்வொன்றில் 102 சுகாதார ஊழியர் பங்குகொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர், தம் தொழிலில் நன்றிக்குரியனவாகக் கண்டவற்றை வாரம் இருமுறையாக நான்கு வாரங்கள் எழுதி வந்தனர். அவர்களது மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன. எனவே இப்பயிற்சிகளை வீண் என்று தள்ளுவார் கூற்றை நாம் ஏற்கோம்.

ஆயினும், மலிவான மருந்தைக் கண்டதும் கடமையை மறக்கும் நிர்வாகங்களும் உண்டு. ஆளும் தராமல், ஓய்வும் தராமல், "கண்களை மூடி அமைதி பெறுக" என்று உபதேசிப்பது அறமாகுமா? தொழிலிடத்தில் நீடித்து, உரியவாறு கையாளப்படாத அழுத்தத்தின் விளைவே தொழிற்சோர்வு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. காரணம் தொழிலிடத்தில் இருக்கையில் பரிகாரத்தை ஊழியரின் உள்ளத்தில் மட்டும் தேடலாமா? வேர் அழுகும் செடிக்கு இலையில் நீர் தெளிப்பதால் பயனில்லை என்பதை நமது கமக்காரர் நன்கறிவர்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளரின் சிகிச்சைக்குரிய பொறுப்பைத் தோட்டத்தார் மீது சுமத்தியது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அருகின. வைத்தியர் பலர் நாட்டை விட்டு அகன்றனர். எஞ்சியோர் தோள்களிலேயே சுமை ஏறியது. அச்சுமையைப் பங்கிடாத நன்றி வெறுஞ் சொல்லேயாகும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: வெற்றிடங்கள் நிரப்பப்படல் வேண்டும், இரவுக் கடமைக்குப் பின் ஓய்வு உறுதியாதல் வேண்டும். பெரும் விபத்துக்களைக் கண்ட ஊழியர் மனநல ஆலோசகரைத் தம் தாய்மொழியிலேயே சந்திக்க வழி வேண்டும். தியானப் பயிற்சி கடமை நேரத்துள்ளேயே, ஊதியம் குறையாது வழங்கப்படல் வேண்டும். விரும்பாதவர் மீது அதனைத் திணித்தலாகாது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரிய சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோர்க்கும் அளித்துள்ளதன்றோ?

நமக்கும் கடமையுண்டு. மருந்தில்லாக் குறைக்கு மருந்து கொடுப்பவரை ஏசுவதை விடுவோம். குணமாகி வீடு திரும்புகையில் ஒரு நல்ல சொல் கூறுவோம். அவர்களின் உரிமைக் கோரிக்கைக்கு நம் சங்கங்களின் குரலையும் சேர்ப்போம். நன்றி சொல்லுதல் அவர்களுக்கு ஆறுதல். நீதி வழங்குதலே அவர்களுக்குக் காவல். இரண்டையும் சேர்த்தே கோருவோம்!