பிங் போனா வேலை முடிஞ்சுதா?

எஹலியகொடையிலிருந்து ஒரு பஸ் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துட்டா, ஏ4 வீதியில் ஓடுற எல்லா பஸ்ஸும் போய்ச் சேரும்னு யாராவது சொல்வாங்களா? ஆனா நாங்க காசு கட்டிப் படிச்ச நெட்வேர்க் வகுப்பில் சொல்லித் தந்தது அதைத்தான். பிங் பண்ணு, பதில் வந்தா சரி, அடுத்த பாடம்.

மென்பொருளால் இயங்கும் நெட்வேர்க்கில் எல்லாச் சுவிட்சுகளுக்கும் கொன்ட்ரோலர்தான் விதி எழுதுது. ஒரு சுவிட்ச் 'அங்க அனுப்பு' என்று சொல்ல, அடுத்தது 'திருப்பி இங்க அனுப்பு' என்றால் பக்கெட் சுத்திக்கொண்டே கிடக்கும். பிங் போன வழி மட்டும் நல்லா இருக்கலாம். 2013இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கிய வெரிஃப்ளோ, கொன்ட்ரோலருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் நிற்கும். புது விதி எந்தெந்தப் பக்கெட்டைத் தொடும், அது எங்கேயாவது சுத்துமா, நடுவில் காணாமப் போகுமா என்று விதி இறங்க முன்னமே பார்க்கும். பெரும்பாலும் ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது.

"அதெல்லாம் பெரிய கம்பனிக்கு" என்பாங்க. சரி, பெரிய கம்பனியையே பார்ப்போம். 2021 ஒக்டோபர் 4, பேஸ்புக் சுமார் ஆறு மணித்தியாலம் விழுந்து கிடந்தது. பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளை மொத்தமா அறுத்தது. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை. இதைக் காட்டி, சோதனையே வீண் என்று வாதாடுறவங்களும் இருக்காங்க. பிரேக் பழுதான பஸ்ஸைப் பார்த்துட்டு, பிரேக்கே வேணாம்னு சொல்ற கதை!

மினிநெட் இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும். பிள்ளைகளை வேண்டுமென்றே ஒரு சுழற்சியைப் போட வைத்து, அவங்களையே கண்டுபிடிக்க வைக்க ஒரு பின்னேரம் போதும். எங்க அம்மாமார் இறப்பர் பால் வெட்டிக் கட்டின பீஸுக்கு அந்த ஒரு பின்னேரத்தையாவது தாங்க.